பதினேழாம் நம்பர் கேமராவில் கோட்டைச்சாமி

மஞ்சப்பாறை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அந்த வருஷத்து மழைக்காலத்தில் வாட்சர் கோட்டைச்சாமி தினமும் சாயங்காலம் நாலு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குக் காட்டுக்குள்ளே பதினேழாம் நம்பர் கேமராவுக்கு முன்னால் இடமிருந்து வலமாக நடந்து போனான் என்பார்கள். அதே நாலு பன்னிரண்டுக்கு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பெஞ்சாதி பவுனுத்தாய் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வைத்தபடி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் அவர்களே சொல்வார்கள். ரெண்டும் எப்படி ஒண்ணாக இருக்கும் என்று கேட்டால், இருந்துச்சு, நீங்க என்னத்தைக் கண்டீங்க என்று உங்களைத்தான் முறைப்பார்கள்.

கேமரா என்றதும் கல்யாண வீட்டுக் கேமராவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, மரப்பட்டை நிறம். வாரைப் போட்டு முழங்கால் உயரத்தில் மரத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டால், சூடுள்ள ஒரு உடம்பு முன்னால் அசைந்தால் போதும், தானே படம் பிடித்துக்கொள்ளும், பிடித்த படத்துக்கு அடியில் தேதி, மணி, எத்தனை டிகிரி என்பதையும் எழுதி வைக்கும். வெயிலில் சூடேறின செடி ஆடினாலும் ஏமாந்து நூறு படம் எடுத்துத் தள்ளும் என்பதால் முன்னால் இருக்கிற பெரணிகளை வெட்டிச் சுத்தம் பண்ண வேண்டும். வெயில் நேரே கண்ணில் படாதபடி பார்த்துக் கட்ட வேண்டும். இதையெல்லாம் கோட்டைச்சாமிக்கும் அவன் ஜோடி வாட்சர் ராசப்பனுக்கும் சொல்லிக் கொடுத்தது, புலிகளை எண்ண வந்த ஆராய்ச்சிக்காரி சங்கமித்திரை. எஸ்டேட்டில் அவளுக்குப் புலி மேடம் என்று பேர். புலியின் வரி ரெண்டு விலாவிலும் ஒரே மாதிரி இருக்காதாம், ரெண்டு பக்கமும் படத்தில் விழுந்தால்தான் இது இன்ன புலி என்று முழுசாகச் சொல்ல முடியுமாம்.

கேமராவைக் கட்டி முடித்ததும் சோதனை உண்டு. ஒருத்தன் நம்பர் எழுதின சிலேட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்து போவான், டப்பாவில் சிவப்பு விளக்கு மினுக்கும், மரத்தடியில் குத்தவைத்திருப்பவன் பார்த்துவிட்டு "ஆச்சு, திரும்பி வா" என்று குரல் கொடுப்பான், போனவன் போன வழியே திரும்பி நடந்து வருவான். திரும்பி வருவது மேடம் சொன்னதில்லை. கேமராவுக்குள்ளே போன ஆளை அப்படியே காட்டில் விட்டுட்டு வர்றது நல்லா இல்லையே என்று ராசப்பன் சேர்த்துக்கொண்டது. பதினாறு கேமரா வரைக்கும் அது தவறாமல் நடந்தது.

பதினேழாவதைக் கட்டின அன்றைக்கு ஆடி மழை. கோட்டைச்சாமி சிலேட்டோடு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான், நாலு பன்னிரண்டுக்கு விளக்கும் மினுக்கிவிட்டது, ராசப்பன் வாயைத் திறக்கப் போனான், அதற்குள் அவன் இடுப்பில் இருந்த வயர்லெஸ் கரகரத்தது. "கோட்டைச்சாமி, உன் வீட்டுச் செவுத்தை யானை தள்ளிருச்சாம்யா. உன் பெஞ்சாதி இங்க ஆபீசுல வந்து நிக்குது. உடனே இறங்கி வா." அவ்வளவுதான், கோட்டைச்சாமி திரும்பி நடக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே சரிவில் குறுக்காக விழுந்து ஓடினான்.

வந்து பார்த்தால் சுவர் நின்றது. நாலு சுவரும் நின்றது. யானை அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை.

பவுனுத்தாய் பொய் சொன்னாள். ஏன் சொன்னாள் என்றால், பன்னிரண்டு நாளாக மழை விடவில்லை, பன்னிரண்டு நாளாகப் புருஷன் காட்டு முகாமிலிருந்து இறங்கவில்லை, இந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் கோயில் கொடைக்குச் சொந்த ஊர் போய்விட்டார்கள், கொழுந்து பறித்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளே அவள் கால் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. பயமாக இருக்கிறது வாங்க என்றால் வருகிற ஆளா அவன்? போன மாசம் அவள் காய்ச்சலில் கிடந்தபோதே மாத்திரையைத்தான் அனுப்பினான். யானை என்றால் வருவான். அது அவளுக்குத் தெரிந்தது, அந்தத் தெரிந்ததுதான் அவளை அப்படி எரித்தது.

திட்டுவான், கையில் கிடைத்ததை விட்டெறிவான் என்று அவள் அடுப்படியில் ஒதுங்கி நின்றாள். மலையிலேயே முன்கோபக்காரன் என்று பேரெடுத்தவன். ஆனால் அவன் சுவரைப் பார்த்தான், உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினான், ஒரு வார்த்தை கேட்கவில்லை, வாசலில் போய் உட்கார்ந்தான். டீ கொடுத்தாள், வாங்கிக்கொண்டான். டம்ளர் அவன் கைக்குப் போன மறுநிமிஷம் ஆவி அடங்கிப் போனதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்துக் கேமராவிலிருந்து படம் பதிகிற கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து மேடம் கம்ப்யூட்டரில் போட்டாள். மிளா மான் வந்தது, காட்டெருமை வந்தது, முள்ளம்பன்றி முதுகைக் காட்டிப் போனது, நடுவிலே நடுவிலே தினமும் நாலு பன்னிரண்டுக்குச் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு கோட்டைச்சாமி போனான். முதலில் மேடம் கடிகாரம் சிக்கிக்கொண்டது என்றாள். பிறகு பார்த்தால் ஒவ்வொரு நாளும் பெரணி வேறே, மழை வேறே, சிலேட்டில் எழுதின பதினேழு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டு வந்தது, ஏழாம் நாள் சட்டையில் ஒரு கிழிசல் விழுந்தது, பத்தாம் நாள் தாடி விட்டிருந்தது. மற்ற படங்களுக்குக் கீழே பதினாறு டிகிரி, பதினேழு டிகிரி என்றிருக்க, அவன் படத்துக்குக் கீழே மட்டும் முப்பத்தேழு என்று போட்டிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணக்குப் புத்தகத்தில் புலிகளுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, கே-ஒன்று, ஆண், வலப்பக்கம் மட்டும், என்று எழுதினாள். வேறே என்ன செய்வாள், விழுந்ததை எழுத வேண்டியது அவள் வேலை.

எஸ்டேட் இதை எடுத்துக்கொண்ட அழகைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பயந்தார்கள். ரெண்டாம் வாரம் டீக்கடைக்காரர் அந்தப் படத்தைப் பெரிசாகப் போட்டு, மழைச்சாரல் படாமல் பாலிதீன் ஒட்டி, கடையில் மாட்டினார். மூணாம் வாரம் மாரியம்மன் கோயில் கமிட்டி கூடி, பிரசாதப் பொட்டலம் கோட்டைச்சாமி வீட்டுக்கு ஒண்ணா ரெண்டா என்று சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டு ரெண்டு என்று முடிவு பண்ணியது. காட்டுக்குள்ளே இருக்கிற ஆளுக்கு என்று யாரோ கேமராவுக்கு முன்னால் பீடிக்கட்டு வைத்தார்கள், யாரோ வெற்றிலை வைத்தார்கள், கொழுந்து நிறுக்கிற கொட்டடி லூர்தம்மா ஒரு கம்பளி வைத்தாள், அடுத்த கார்டில் அவன் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போனான், லூர்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க வீட்டு ஆளையும் ஒரு நடை கூட்டிட்டுப் போய் நடக்க விடுங்கய்யா. குடிக்கிறவனைக் காட்டுல விட்டுட்டு மத்தவனைக் கூட்டியாங்க" என்று ராசப்பனிடம் கெஞ்சின பெண்களும் உண்டு. திருட்டுத்தனமாகப் போய் நடந்து பார்த்த ஆம்பிளைகளும் உண்டு, அத்தனை பேரும் போன வேகத்தைவிட ரெண்டு மடங்கு வேகத்தில் திரும்பி ஓடி வந்ததும் கார்டில் விழுந்து டிவிஷனே சிரித்தது.

பவுனுத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் இருக்கிறவன் ஆறிக்கொண்டே போனான்.

முதலில் அட்டைகள்தான் காட்டிக் கொடுத்தன. அந்த மழையில் புல்லில் கால் வைத்தால் பத்து அட்டை ஏறும், எல்லோர் காலும் ரத்தமாக இருக்கும், கோட்டைச்சாமி காலில் ஒன்றுகூட ஏறவில்லை. "கொடுத்து வச்சவன்டா நீ" என்றார்கள் மற்ற வாட்சர்கள். பிறகு புதுக் கேமரா கட்டும்போது அவன் குறுக்கே நடந்தால் விளக்கு மினுக்கவில்லை, ராசப்பன்தான் நடக்க வேண்டியிருந்தது. அவன் மிதித்த சேற்றில் தடம் ஆழமாக விழவில்லை. ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற தராசில் அவனை விளையாட்டுக்கு ஏற்றிவிட்டார்கள், முள் நாற்பதில் நின்றது, அடுத்த வாரம் முப்பத்தொன்று, அதற்கடுத்த வாரம் இருபத்திரண்டு. லூர்தம்மா முள்ளைப் பார்த்துவிட்டுப் பவுனுத்தாயைப் பார்த்தாள், அப்புறம் யாரும் விளையாடவில்லை.

இத்தனைக்கும் அவனைப் போலப் புருஷன் அந்த வரிசையிலேயே இல்லை. முகாமுக்கு இரவல் ஆள் போட்டுவிட்டுத் தினமும் வீட்டுக்கு வந்தான், விறகு கொத்திக் கொடுத்தான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். கோபம் என்பதே போய்விட்டது. அவள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினாள், நல்லா இருக்கு என்றான். விடிகாலையில் எழுந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், கிணற்றுக் கல்லைத் தொட்டது போல இருக்கும். அவள் கேட்டது இதைத்தானே, புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே கேட்டாள், வந்தும் விட்டான், வந்தவன் இப்படி வந்தானே என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

புரட்டாசி கடைசியில் மேடம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள்.

"அக்கா, இதைப் பாருங்க. ஆவணி ஒண்ணாந்தேதி. நாலு பன்னிரண்டுக்கு அண்ணன் போறாரு. நாலு இருபதுக்கு அதே தடத்துல இந்தப் புலி போகுது. சரி, தடம்னா எல்லாம்தான் போகும்னு விட்டுட்டேன். அடுத்த வாரம் பாருங்க, நாலு பதினெட்டு. அதுக்கு அடுத்த வாரம் நாலு பதினாறு."

"இப்ப?"

"முந்தா நாள் கார்டை எடுத்தோம். நாலு பதிமூணு."

பவுனுத்தாய் படத்தைப் பார்த்தாள். புலி தலையைத் தாழ்த்தி, மண்ணை மோந்துகொண்டு, அவசரமில்லாமல் போனது. அதற்கு முந்தின படத்தில் புருஷன். எப்போதும் போல வலப்பக்கம். கருத்து, இளைத்து, கம்பளியும் தாடியுமாக, ஆனால் பொழுதெல்லாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இல்லாத உயிரெல்லாம் அந்த முகத்தில் இருந்தது. இடது காதுக்குக் கீழே ஃபேக்டரி பாய்லர் சுட்ட தழும்பு ஒன்று அவனுக்கு உண்டு. அந்தப் பக்கத்தை இத்தனை நாளில் அவன் காட்டவே இல்லை.

"இவரைப் புலி அடிச்சிட்டா வீட்டுல இருக்கிறவரு?" என்றாள்.

மேடத்துக்குத் தெரியவில்லை. எந்தப் படிப்பிலும் அது இல்லை என்று உண்மையைச் சொன்னாள். வெளியே வந்து ராசப்பனிடம் கேட்டாள் பவுனுத்தாய்.

"நான் கூப்பிட்டுப் பாத்துட்டேன் தங்கச்சி. போன வாரம் மூணு நாளு போய் உக்காந்து, ஆச்சு, திரும்பி வாடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. விளக்கு மட்டும் மினுக்குது. வீட்டுல இருக்கிறவனையும் கூட்டிட்டுப் போய் வலமிருந்து இடமா நடக்க வச்சேன். அவனைக் கேமராவே கண்டுக்கல." ராசப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு அவனைக் கூப்பிட்டது நான் இல்லையே. யாரு கூப்பிட்டு வந்தானோ அவங்க கூப்பிட்டாத்தான் மிச்சமும் வரும்போல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுவர் நிற்கிறதை அவனும்தானே பார்த்தான்.

மறுநாள் கொழுந்துக்குப் போகாமல், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, ராசப்பன் பின்னால் காட்டுக்கு ஏறினாள். புருஷனுக்கு டீ போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். பதினேழாம் நம்பர் கேமரா கட்டின மரத்தடியில் ராசப்பன் கேமராவைத் திறந்து, ஆள் போனால் விளக்கு தெரிகிற மாதிரி மாற்றி வைத்தான்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி இருங்க. நான் பேசறது உங்களுக்கு வேண்டாம்."

"இந்த இடத்துல உன்னை ஒத்தையில விடமாட்டேன் தாயி. காதைப் பொத்திக்கிறேன்." சொன்னபடி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் குத்தவைத்தான்.

மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தடத்தில் யாருமில்லை, ஒரு காக்காய்கூட இல்லை, அப்போது டப்பாவில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கியது. ஈரக் கம்பளி வாசம் அவள் மூக்கில் ஏறியது.

"ஏங்க, ஆச்சு. திரும்பி வாங்க" என்றாள்.

வாசம் விலகிக்கொண்டே போனது. எழுந்து தடத்தில் ரெண்டு எட்டு வைத்தாள்.

"யானை வரலைங்க," என்று கத்தினாள். "அன்னைக்கு யானை வரல. நான்தான் பொய் சொன்னேன். செவுரு இடியல, ஓடுகூடச் சரியல. எனக்குப் பயமா இருந்துச்சு, அவ்வளவுதான். எனக்காக வாங்கன்னா வந்திருப்பீங்களா? வந்திருக்க மாட்டீங்க. யானைக்கு வருவீங்க. அதான் யானையைச் சொன்னேன். பாதி ஆளு நம்பி ஓடியாந்துட்டீங்க, பாதி ஆளு நம்பாம இங்கயே நின்னுட்டீங்க. அந்தப் பாதிதான் என்னைத் தெரிஞ்ச பாதி. அந்தப் பாதி இல்லாம நான் என்ன செய்ய? வந்து திட்டுங்க. அடிக்கணும்னா அடிங்க, நானும் திருப்பி அடிக்கிறேன். வாங்க."

இடது பக்கத்துப் பெரணி அசைந்தது. நாலு பதிமூணு. புலி தடத்தில் இறங்கியது.

ராசப்பன் காதிலிருந்து கையை எடுத்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை. கால் நகர்ந்தால்தானே. புலி தலையைத் தாழ்த்தி, மண்ணை மோந்துகொண்டு வந்தது, அவளிடமிருந்து பத்தடியில் நின்றது, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. அவளுக்கு வாய் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, எனக்காக வாங்க, எனக்காக ஒரு தடவை வாங்க என்று அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. டப்பாவில் விளக்கு மினுக்கியது. புலி காதை மடக்கிக்கொண்டு, சந்தைக் கூட்டத்தில் சுமையோடு வருகிற ஆளுக்கு ஒதுங்குகிற மாதிரி, தடத்தை விட்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. ஈரக் கம்பளி வாசம் அவள் தோளை உரசிக்கொண்டு, வந்த பக்கமே போனது. அது போகும்வரை புலி நின்றது, பிறகு தன் வழியில் இறங்கிப் போய்விட்டது.

தடத்தின் வலது கோடியில் ஒரு சிலேட்டுக் கிடந்தது. கழுவித் துடைத்த மாதிரி வெறுமையாக இருந்தது.

அந்தக் கார்டில் விழுந்த படம் இப்போதும் மேடத்திடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவாள். ஒரு ஓரத்தில் வாயைத் திறந்தபடி பவுனுத்தாய், ஒரு ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற புலி, நடுவில் கம்பளியோடு வலமிருந்து இடமாகக் கோட்டைச்சாமி, காதுக்குக் கீழே தழும்பு பளிச்சென்று தெரிகிறது. அந்த ஒரு படத்தில்தான் அவன் நேரே கேமராவைப் பார்க்கிறான், அந்தப் பார்வையை ரொம்ப நேரம் பார்க்க முடியாது. மேடம் புத்தகத்தில் வலப்பக்கம் மட்டும் என்பதை அடித்துவிட்டு இரண்டு பக்கமும் என்று எழுதினாள். பிறகு கே-ஒன்று எந்தக் கார்டிலும் விழவில்லை.

பவுனுத்தாய் அதெல்லாம் பார்க்க நிற்கவில்லை. வழுக்கி, விழுந்து, எழுந்து, முழங்கையெல்லாம் சேறாக லயத்துக்கு ஓடி வந்தாள். வாசல் காலியாக இருந்தது. டீ டம்ளர் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. போச்சு என்று அவள் தலையில் கைவைத்து உட்காரப் போனபோது, வீட்டுக்குப் பின்னாலிருந்து, எத்தனையோ வாரமாகக் கேட்காத குரல், வரிசையில் இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி வெடித்தது.

"ஏ பவுனு! இங்க வாடி! எந்தச் செவுத்தைடி யானை தள்ளுச்சு? காட்டு! எந்தச் செவுத்தை?"

அவன் பின்சுவரில் கையை ஊன்றி நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வேர்வை. கெண்டைக்காலில் கொழுத்த அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே ரத்தம் கோடாக இறங்கிக் குதிகாலுக்கு வந்திருந்தது.

"வயர்லெஸ்ல மலைக்கே கேக்குற மாதிரி பொய் சொல்லியிருக்கே! வழியெல்லாம் நீ செவுத்துக்கடியில கிடக்கியோன்னு நெஞ்சு அடிச்சு ஓடியாந்தேன்டி நானு! பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போயிரும்?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

பக்கத்து வீடுகளிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வந்திருக்க மாட்டேன்," என்றான், குரல் இறங்கிப்போய். "இப்ப வந்துட்டேன்ல."

பவுனுத்தாய் சேற்றில் உட்கார்ந்து அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அட்டைக்குச் சுண்ணாம்பு வைக்க வேண்டும், யாரோ எடுத்துக்கொண்டும் வந்தார்கள், அவள் வாங்கவில்லை. அது குடிக்கட்டும், வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, விரலில் வழிகிற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சூடாக இருந்தது.

"திட்டுங்க," என்றாள். "ஏன் நிறுத்திட்டீங்க?"